டைட்டனில் ஹைகென்ஸ் கேட்ட ஒலி: பதிவா, புனரமைப்பா?

வானோக்கி எழுதியது:

2005ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், சனிக்கோளின் மிகப்பெரிய நிலாவான டைட்டனில் ஹைகென்ஸ் ஆய்வுக்கலம் இறங்கியது. அதையொட்டி ஐரோப்பிய விண்வெளி முகமை இரண்டு ஒலிக்கோப்புகளை வெளியிட்டது. முதலாவதில் பலத்த காற்று உரசிச் செல்வது போன்ற இரைச்சல் கேட்கிறது. இரண்டாவதில் வரவரச் சுருதி உயர்ந்து, வலிமையும் கூடிக்கொண்டே போகும் ஒரு கீச்சொலி கேட்கிறது. சமூக ஊடகங்களில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து “டைட்டனில் பதிவான உண்மையான ஒலி” என்ற தலைப்பில் ஆண்டுதோறும் யாராவது பகிர்கிறார்கள். அதன் கீழேயே “எல்லாம் கணினியில் செய்தது” என்று வேறு யாராவது எழுதிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு கூற்றுகளில் எது சரி என்பதை இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். கலத்தில் ஒலிவாங்கி உண்மையிலேயே இருந்ததா? இருந்ததென்றால், ஒவ்வொரு கிராமையும் எண்ணி எடுத்துச்செல்லும் பயணத்தில் அதற்கு இடம் கொடுத்ததன் நோக்கம் என்ன?

அலையாளி எழுதியது:

இரு தரப்பினரும் அரைகுறையாகவே சொல்கிறார்கள். சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹைகென்ஸில் ஆறு ஆய்வுக் கருவித் தொகுதிகள் இருந்தன. அவற்றுள் வளிமண்டலத்தின் அழுத்தம், வெப்பநிலை, மின்பண்புகள் ஆகியவற்றை அளக்கும் தொகுதிக்கு மார்செல்லோ ஃபுல்கிஞோனி தலைமை வகித்தார். அதன் ஒரு பகுதியாக ஒலிவாங்கி ஒன்று இருந்தது. அதன் சமிக்ஞைகளைக் கையாண்ட மின்னணுப் பகுதியின் உருவாக்கத்தில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து விண்வெளி ஆய்வு நிறுவனம் முக்கியப் பங்கு வகித்தது. ஆகவே முதல் கேள்விக்கு விடை, ஆம், ஒலிவாங்கி இருந்தது, வேலையும் செய்தது.

ஆனால் அந்த ஒலிவாங்கி கேட்டது அப்படியே ஒலிப்பதிவாகப் பூமிக்கு வரவில்லை. ஹைகென்ஸ் தன் தரவுகளைத் தாய்க்கலமான காசினிக்கு அனுப்பியது. காசினி அவற்றைச் சேமித்துவைத்துப் பின்னர் பூமிக்கு அனுப்பியது. ஹைகென்ஸிலிருந்து காசினிக்குச் சென்ற ஒவ்வொரு தடத்தின் வேகமும் நொடிக்கு 8 கிலோபிட் மட்டுமே. அதற்குள் ஆறு தொகுதிகளும் படங்கள் உட்படத் தங்கள் தரவு அனைத்தையும் அனுப்பியாக வேண்டும். பழைய தரைவழித் தொலைபேசி இணைப்பகங்களில் ஒரே ஒரு மனிதக் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் ஒதுக்கினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், முழு ஒலியலையையும் அனுப்புவது ஏன் இயலாத காரியம் என்பது விளங்கும். அதனால் கலத்தின் உள்ளேயே ஒலியைப் பகுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை இருந்தது என்ற நிறமாலையை மட்டும் இடைவெளி விட்டு அனுப்பினார்கள். இறங்குகையின் வெவ்வேறு கட்டங்களில் கிடைத்த அந்த நிறமாலைகளைக் கொண்டு, இங்கே ஆய்வகத்தில் ஒலியாகத் திரும்பக் கட்டியெழுப்பியதுதான் முதல் கோப்பு. கலத்தில் ஒருவர் பயணம் செய்திருந்தால் ஏறத்தாழ இப்படிக் கேட்டிருப்பார் என்றுதான் முகமையும் அதை அறிமுகப்படுத்தியது. நேரடிப் பதிவு என்று அது எங்கும் சொல்லவில்லை.

இரண்டாவது கோப்பின் கதை வேறு. இறங்குகையின் கடைசிச் சில கிலோமீட்டர்களில், தரை எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அறிவதற்காகக் கலத்தின் ராடார் அனுப்பிய வானொலி அலைகள் தரையில் பட்டுத் திரும்பின. அந்த எதிரொலிப்புகளை நம் காதுக்கு எட்டும் அதிர்வெண்ணுக்கு மாற்றியிருக்கிறார்கள். டைட்டனில் நின்றுகொண்டிருக்கும் எவருக்கும் அந்தக் கீச்சொலி கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

மீகாமன் எழுதியது:

அலையாளி அவர்கள் சொல்வதை வைத்தே கேட்கிறேன். முதல் கோப்பை ஏற்றுக்கொள்வதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒலிவாங்கியின் மேல் மோதியது வான்குடையில் தொங்கியபடி இறங்கிய கலத்தைச் சுற்றி ஓடிய காற்றின் இரைச்சல். ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பதிவுசெய்துவிட்டு, அதை அந்த ஊரின் ஒலி என்று சொல்வதற்கு இது நிகரானது. அந்த இரைச்சலில் டைட்டனின் பங்கு எவ்வளவு, கலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாதென்றால், இது மக்கள் கவனத்தை ஈர்க்கச் செய்த ஏற்பாடு என்ற ஐயம் எழுவது இயல்புதான்.

பொருநை எழுதியது:

மீகாமன் ஐயாவின் ஐயத்தில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம். கேட்டது பெரும்பாலும் கலத்தைச் சுற்றிய காற்றோட்டமே. ஆனால் விளம்பரத்துக்காக ஒலிவாங்கியை வைத்தார்கள் என்பது வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை.

அதை அனுப்பியதன் முதன்மை நோக்கம் இடியோசையைக் கேட்பதுதான். டைட்டனின் வளிமண்டலத்தில் தரையருகே ஏறத்தாழ 95 விழுக்காடு நைட்ரஜனும் 5 விழுக்காடு மீத்தேனும் உள்ளன. தரையின் வெப்பநிலை 94 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 179 பாகை செல்சியசு. அந்தக் குளிரில் மீத்தேன் மேகமாகி மழையாகவும் பெய்கிறது. மேகமும் மழையும் உள்ள இடத்தில் மின்னல் இருக்கக்கூடும் என்பதும், மின்னல் இருந்தால் நைட்ரஜனும் மீத்தேனும் சேர்ந்து சிக்கலான கரிமச் சேர்மங்கள் உருவாவதற்கு அது ஒரு வழியாகும் என்பதும் அன்றைய எதிர்பார்ப்பு. மின்னலின் மின்புலத்தை ஓர் உணர்கொம்பு பிடிக்க வேண்டும். இடியை ஒலிவாங்கி பிடிக்க வேண்டும். இரண்டும் பொருந்தி வந்தால் மட்டுமே மின்னல் என்று அறிவிக்கலாம். ஒரே கருவித் தொகுதிக்குள் இரண்டையும் வைத்ததன் காரணம் இதுதான்.

இதற்கு முன்னோடியும் உண்டு. சோவியத் ஒன்றியத்தின் வெனேரா 11, 12 கலங்கள் 1978இல் வெள்ளிக்கோளில் இறங்கியபோதே, லியோனிட் க்சான்ஃபோமாலிட்டி வடிவமைத்த ‘குரோசா’ என்ற கருவியோடு மின்னலையும் இடியையும் தேடின. ரஷ்ய மொழியில் அந்தப் பெயருக்கு இடிமழை என்று பொருள். 1982இல் இறங்கிய வெனேரா 13, 14 கலங்களில் இருந்த அடுத்த பதிப்பு, தரையில் வீசிய காற்றின் இரைச்சலைக் கொண்டு அதன் வேகத்தை மதிப்பிட உதவியது. ஒலிவாங்கியை அறிவியல் கருவியாகப் பயன்படுத்தும் வழக்கம் ஹைகென்ஸுக்கு முன்பே வேரூன்றியிருந்தது.

இறுதியில் டைட்டனில் இடியோசை எதுவும் கேட்கவில்லை. காசினியும் 2004 முதல் 2017 வரை 127 முறை டைட்டனைத் திட்டமிட்டு நெருங்கிக் கடந்தது. சனிக்கோளின் புயல்களில் எழும் மின்னலின் வானொலி அலைகளைத் தாராளமாகப் பிடித்த அதன் ஏற்பிக்கு, டைட்டனிலிருந்து உறுதியான மின்னல் சமிக்ஞை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நீர் மூலக்கூறு மின்முனைவு கொண்டது, மீத்தேன் மூலக்கூறு அத்தகைய முனைவு இல்லாதது என்பதால் அந்த மேகங்களில் மின்னூட்டம் பிரிவது கடினமாக இருக்கலாம் என்ற விளக்கம் முன்வைக்கப்படுகிறது.

நெய்தல் எழுதியது:

அப்படியானால் ஒலிவாங்கியால் கிடைத்த பயன் “ஒன்றும் இல்லை” என்ற ஒரே விடைதானா?

கணிதன் எழுதியது:

நெய்தல் அவர்களே, இறங்குவதற்கு இரண்டரை மணி நேரமே எடுத்துக்கொண்ட ஒரு கலத்தின் காதுக்கு இடி கேட்காததை வைத்து மின்னலே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்த ஒலிவாங்கியைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருப்பதால், ஒலி சார்ந்த வேறு இரண்டு கருவிகள் கலத்தில் இருந்தன என்பது மறைந்துபோகிறது. இங்கிலாந்தில் ஜான் சார்னெக்கி தலைமையில் உருவான மேற்பரப்பு ஆய்வுத் தொகுதியில் அவை இருந்தன. என்னைக் கேட்டால், ஹைகென்ஸின் உண்மையான ஒலியியல் சாதனை அவற்றில்தான் இருக்கிறது.

முதலாவது கருவி ஒலியின் வேகத்தை அளந்தது. எதிரெதிராகப் பொருத்திய இரண்டு மீயொலி முனைகளில் ஒன்று 1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் துடிப்பை அனுப்பும், மற்றொன்று அதை வாங்கும். அடுத்த முறை பாத்திரங்கள் மாறிக்கொள்ளும். இரு திசைகளிலும் அளந்து சராசரி எடுப்பதால், இடையில் ஓடும் காற்றின் தாக்கம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மேலே காற்று மெலிந்திருந்தவரை துடிப்புகள் மறுமுனையை எட்டவில்லை. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரை வரை நல்ல அளவீடுகள் கிடைத்தன.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். வாயுவில் ஒலியின் வேகம் அதன் வெப்பநிலையையும் மூலக்கூறுகளின் சராசரி நிறையையும் பொறுத்தது. வெப்பநிலையை மற்றொரு கருவி தனியாக அளந்துவிட்டதால், எஞ்சுவது கலவையின் நிறை மட்டுமே. தூய நைட்ரஜன் 94 கெல்வினில் ஒலியை நொடிக்கு ஏறத்தாழ 198 மீட்டர் வேகத்தில் கடத்தும் என்று எளிய சூத்திரத்திலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். எடை குறைந்த மீத்தேன் கலந்தால் இது சற்று உயரும். அந்தக் குளிரிலும் 1.5 பார் அழுத்தத்திலும் வாயு முழுமையான இலட்சிய வாயுவாக நடந்துகொள்ளாததால் சற்றுக் குறையும். இந்தத் திருத்தங்களைச் சரியாகக் கணக்கில் கொண்டால், ஒலியின் வேகத்திலிருந்தே மீத்தேனின் அளவைப் பற்றி ஒரு மதிப்பீட்டுக்கு வர முடியும். ஆக்சல் ஹாகர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் இதைச் செய்து வெளியிட்டார்கள். வாயுக்களைப் பிரித்து நிறையை அளக்கும் பெரிய கருவி ஒன்று அதே கலத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் முற்றிலும் வேறு வழியில் வந்த ஓர் அளவீட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க முடிவது சிறிய ஆதாயம் இல்லை.

இசை நாட்டம் உள்ளவர்களுக்காக ஒரு கணக்கு. டைட்டனின் தரையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 195 மீட்டர். நம் அறை வெப்பநிலைக் காற்றில் அது 343 மீட்டர். ஆகவே நம் ஊர்ப் புல்லாங்குழல் ஒன்றை அங்கே ஊத முடியுமானால், அதே துளைகளில் அதே சுரம் ஏறத்தாழ பத்துச் சுரத்தானங்கள் கீழே ஒலிக்கும்; கிட்டத்தட்ட ஒரு தாயியே (பன்னிரண்டு சுரத்தானங்கள்) இறங்கிவிடும்.

அலையாளி எழுதியது:

இரண்டாவது கருவியை நான் சொல்கிறேன். அது கீழ்நோக்கிய சோனார். 15 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் துடிப்புகளை அனுப்பியது. கப்பல்களில் ஆழம் பார்க்கும் அதே முறையைக் கொண்ட கருவியை ஒரு நிலாவுக்கு ஏன் கொண்டுபோனார்கள் என்பதை அறிய, அது திட்டமிடப்பட்ட காலத்துக்குச் செல்ல வேண்டும். 1980 நவம்பரில் வாயேஜர் 1 டைட்டனைக் கடந்தபோது அதன் மஞ்சள் புகைமூட்டத்தை ஊடுருவித் தரையைப் பார்க்க முடியவில்லை. டைட்டன் முழுவதையும் ஈத்தேன் கடல் சூழ்ந்திருக்கலாம் என்ற கருத்து 1983இல் வெளிவந்தது. ஆகவே ஹைகென்ஸை வடிவமைத்தவர்களுக்கு அது பாறையில் மோதுமா, சேற்றில் புதையுமா, கடலில் மிதக்குமா என்பது தெரியாது. கடலில் விழுந்தால் ஆழத்தை அளக்கவும், தரையில் விழுந்தால் அதற்கு முன்பே மேடுபள்ளத்தை அறியவும் ஒரே சோனார் பயன்பட்டாக வேண்டும்.

அது விழுந்தது தரையில். ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்திலிருந்தே சோனார் தரையைக் கண்டுகொண்டது. எதிரொலியின் வலிமையும் வடிவமும், கீழே இருப்பது பெருமளவு சமதளம் என்றும் முற்றிலும் வழவழப்பானது இல்லை என்றும் காட்டின. உருண்டைக் கற்கள் சிதறிக் கிடக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தோடு இது ஒத்துப்போகிறது.

மீகாமன் ஐயா கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த எதிரொலி டைட்டனின் காற்றில் பயணம் செய்து, டைட்டனின் தரையில் பட்டு, அதே காற்றின் வழியே திரும்பி வந்த உண்மையான ஒலி. யாரும் அதைப் பகிர்வதில்லை என்பது வேறு.

மீகாமன் எழுதியது:

சோனாரை மறுக்கவில்லை. இருந்தும், அதை அனுப்பியது நாம்தான். டைட்டன் தானாக எழுப்பிய ஒரு சிறு ஒலியையேனும் நாம் கேட்டோமா என்பதே என் கேள்வி. தரையில் இறங்கிய பிறகு ஹைகென்ஸ் காசினிக்கு 72 நிமிடம் தரவு அனுப்பியது. இறங்கும் இரைச்சல் நின்றுபோன அந்த நேரத்தில் ஏதேனும் கேட்டதா?

பொருநை எழுதியது:

அந்த நேரத்தைப் பற்றி என்னால் சொல்லக்கூடிய வியப்பான செய்தி, ஒலி கேட்காமல் போனதைப் பற்றியது. கணிதன் குறிப்பிட்ட 1 மெகாஹெர்ட்ஸ் துடிப்புகள் தரையைத் தொடும் நொடி வரை ஒழுங்காகக் கிடைத்துவந்தன. கலம் ஷாங்ரி-லா எனப்படும் கருநிறப் பகுதியில், வறண்ட ஓடைப்படுகை போன்ற இடத்தில் அமர்ந்தவுடன் அவை நின்றுபோயின. ஒரு முனை அனுப்பிக்கொண்டே இருக்க, மிக அருகில் உள்ள மறுமுனைக்கு ஒன்றும் எட்டவில்லை.

2014இல் ரால்ஃப் லாரென்சும் உடன் ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் சாய்ந்த விளக்கம் இது: கலத்தின் அடிப்பகுதி அந்தத் தரையைவிட வெப்பமானது. அந்த வெப்பம் பட்டு, தரையில் ஊறியிருந்த ஈத்தேன், அசெட்டிலீன், கரியமில வாயு போன்ற பொருள்கள் ஆவியாகி மேலெழுந்திருக்கலாம். இவற்றின் மூலக்கூறுகளில் அணுக்கள் பல இருப்பதால், மீயொலியின் ஆற்றலைத் தம் உள்ளதிர்வுகளாக வாங்கிக்கொண்டு, அடுத்த அலை வரும்போதுதான் திருப்பித் தருகின்றன. அதற்குள் துடிப்பு மங்கிவிடுகிறது. தூய குளிர்ந்த நைட்ரஜன் ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், டைட்டனின் காற்று பொதுவாக ஒலியை நெடுந்தொலைவு கொண்டுசெல்லக்கூடியது. அத்தகைய காற்றில் ஒலி திடீரென மறைந்தது என்பதே, அந்த இடத்துக் காற்றில் புதிதாக ஏதோ கலந்தது என்பதற்கான அடையாளம்.

மீகாமன் எழுதியது:

முனைகளில் ஒன்று மோதலில் பழுதாகியிருக்கலாம், அல்லது மண்ணோ கல்லோ இடையில் புகுந்து மறைத்திருக்கலாம். இவற்றைவிட ஆவி என்ற விளக்கம் எந்த வகையில் வலுவானது?

பொருநை எழுதியது:

அவர்களும் அந்த வாய்ப்புகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். முழுமையாக நீக்கிவிட்டதாக நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆவி என்ற விளக்கத்துக்கு வேறொரு துணை உண்டு. கலத்தின் அடிப்பக்கம் இருந்த, வெப்பமூட்டிய உறிஞ்சுகுழல் வழியே வாயுவை எடுத்துப் பகுத்த கருவி, தரையிறங்கியதும் மீத்தேனின் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்ததைப் பதிவுசெய்தது. ஈத்தேன் முதலியவற்றின் தடயங்களும் அதில் தென்பட்டன. தரை ஈரமாக இருந்தது என்பதற்கு அது தனிச்சான்று. மோதலில் பழுது என்ற விளக்கத்துக்கு அப்படியொரு துணைச்சான்று கிடையாது.

மட்டுறுத்துநர் எழுதியது:

காசினியின் ஒரு தகவல் தடம் இயக்கப்படாமல் விடுபட்டு, ஏறத்தாழ 350 படங்கள் இழக்கப்பட்டது தொடர்பான பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே ஒலியைப் பற்றி மட்டும் தொடரவும்.

கணிதன் எழுதியது:

மீகாமன் ஐயா கேட்ட “டைட்டன் தானாக எழுப்பியது” என்ற வகைக்கு நெருங்கி வருவது 36 ஹெர்ட்ஸ் சமிக்ஞை. இதை ஒலி என்று எண்ணிவிடக் கூடாது. இது ஒலிவாங்கியோடு சேர்ந்து வேலை செய்த மின்புல உணர்கொம்புகளில் பதிவானது. ஆனால் இதன் கதை நம் விவாதத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

பூமியில் மின்னல்கள் எழுப்பும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள், தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே சுற்றிச்சுற்றி வந்து, 7.8 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்கின்றன. இதற்கு ஷூமன் ஒத்ததிர்வு என்று பெயர். டைட்டனில் கிடைத்த 36 ஹெர்ட்ஸ் சமிக்ஞையும் இத்தகையதே என்று கிறிஸ்டியன் பெகான் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மின்னல் இல்லாத இடத்தில் அதைத் தூண்டியது சனிக்கோளின் காந்தமண்டலம் என்றும், டைட்டனின் பனித்தரை மின்னைக் கடத்தாது என்பதால் அலை அதையும் ஊடுருவி, உள்ளே மின்கடத்தும் ஒரு படலத்தில் பட்டுத் திரும்புகிறது என்றும் வாதிட்டார்கள். அந்தப் படலம் உப்போ அம்மோனியாவோ கலந்த நீர்க்கடலாக இருக்க வேண்டும். ஒரு சமிக்ஞையை வைத்து நிலாவுக்குள் இருக்கும் கடலின் ஆழத்தைச் சொல்வது எவ்வளவு துணிவான வாதம் என்று பாருங்கள்.

2020இல் லாரென்சும் ஆலிஸ் லெ கால் அவர்களும் அதை மறுபரிசீலனை செய்தார்கள். கலம் முதலில் 8 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள பெரிய வான்குடையில் தொங்கியது. பிறகு அதைக் கழற்றிவிட்டு 3 மீட்டர் அளவிலான சிறிய குடைக்கு மாறி வேகமாக இறங்கியது. 36 ஹெர்ட்ஸ் சமிக்ஞை வலுத்தது இந்த மாற்றத்துக்குப் பிறகே. ஆகவே காற்று மோதி, உணர்கொம்புகளைத் தாங்கிய கைகள் நடுங்கியதே அந்தச் சமிக்ஞைக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. என் சாய்வும் அந்தப் பக்கமே. டைட்டனின் உட்கடலுக்குச் சான்றாக 2012இல் வெளியானது ஈர்ப்பு அளவீட்டிலிருந்து வந்த தனி வாதம். அது நின்றாலும் விழுந்தாலும் 36 ஹெர்ட்ஸுக்கு உதவாது.

மீகாமன் ஐயா ஒலிவாங்கியைப் பற்றி எழுப்பிய “கலத்தின் இரைச்சலா, நிலாவின் குரலா” என்ற கேள்வி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அறிவியல் இதழிலேயே வேறொரு கருவியைப் பற்றி எழுந்தது.

வானோக்கி எழுதியது:

விரிவான விடைகளுக்கு நன்றி. செவ்வாயில் இந்தச் சிக்கல் வரவில்லை என்று கருதலாமா? பெர்சிவரன்ஸ் ஊர்தி அனுப்பிய ஒலியை நேரடிப் பதிவு என்று சொல்லலாம் அல்லவா?

அலையாளி எழுதியது:

சொல்லலாம். 1999 டிசம்பரில் ஒலிவாங்கியோடு சென்ற போலார் லேண்டர் தொலைந்துபோனது. 2008இல் இறங்கிய பீனிக்ஸில் ஒலிவாங்கி இருந்தும் இயக்கப்படவில்லை. 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ்தான் முழு அலைவடிவத்தையும் பதிவுசெய்து அனுப்பியது. தரையில் நிலையாக நிற்கும் ஊர்தி என்பதால் இறங்கும் இரைச்சலும் கிடையாது. இன்ஜெனுவிட்டி சிறு உலங்கூர்தியின் சுழலிகள் எழுப்பிய 84 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் அது பிடித்தது. செவ்வாயில் தாழ்ந்த அதிர்வெண் ஒலி நொடிக்கு 240 மீட்டர் வேகத்திலும், உயர்ந்த அதிர்வெண் ஒலி 250 மீட்டர் வேகத்திலும் செல்வதை ஊர்தியின் ஒலிப்பதிவுகளை வைத்தே 2022இல் நிறுவினார்கள். பொருநை சொன்ன அதே மூலக்கூறு உள்ளதிர்வுதான் இங்கும் காரணம்; கரியமில வாயு அங்கே காற்றாகவே இருக்கிறது.

டைட்டனுக்கு அடுத்துச் செல்லவிருப்பது நாசாவின் டிராகன்ஃபிளை. எட்டுச் சுழலிகளோடு பறந்து இடம் மாறும் இது, 2028 சூலையில் புறப்பட்டு 2034இல் சென்றடையத் திட்டமிடப்பட்டுள்ளது. ஷாங்ரி-லாவின் மணல்மேடுகளில், செல்க் என்ற பள்ளத்தை நோக்கி ஆய்வு செய்யும். நில அதிர்வு மானியும் மின்புல உணரிகளும் அதில் உள்ளன. வான்குடையில் ஆடாமல் தரையில் நாட்கணக்கில் அமர்ந்து அளக்கப்போவதால், 36 ஹெர்ட்ஸ் பற்றிய வழக்கு அங்கே தீர்ந்துவிட வாய்ப்புண்டு.

நெய்தல் எழுதியது:

ஹைகென்ஸின் நிறமாலைத் தரவு பொதுவில் கிடைக்குமா? நாமே ஒரு முறை ஒலியாக மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கணிதன் எழுதியது:

கிடைக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கோளறிவியல் காப்பகத்திலும் நாசாவின் கோளியல் தரவுத் தொகுப்பிலும் அந்தக் கருவித் தொகுதியின் கோப்புகள் கட்டணமின்றி உள்ளன. முதலில் ஆவணக் கோப்பைப் படித்து, ஒவ்வொரு நிறமாலையும் எந்த நேரத்துக்கும் உயரத்துக்கும் உரியது என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு கணினியில் வெள்ளை இரைச்சலை (எல்லா அதிர்வெண்களும் சம வலிமையில் கலந்த ஒலியை) உருவாக்கி, அந்த நிறமாலையின் வடிவத்துக்கு வடிகட்டினால் போதும். நிறமாலையில் வலிமை மட்டுமே உண்டு, அலைகளின் கட்டம் (ஒவ்வோர் அலையும் எந்தக் கணத்தில் ஏறி இறங்கியது என்பது) பதிவாகவில்லை. ஆகவே நீங்களும் நானும் தனித்தனியே செய்தால் இரண்டு வெவ்வேறு அலைவடிவங்கள் கிடைக்கும். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். இரண்டும் தரவுக்கு ஒத்தவையாகவே இருக்கும். செய்து முடித்ததும் கோப்பை இங்கே இணையுங்கள். “புனரமைப்பு” என்று பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.